ஆடிப்பட்டம் வந்தாச்சு: வீட்டுத் தோட்டத்துக்கு நாட்டு விதை வாங்கப் போறீங்களா? விதைக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஆடி பிறந்ததும் புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை வட்டாரத்தில் உள்ள ஆவூர் போன்ற ஊர்களில் கொல்லையைக் கொத்திவிடும் வேலை தொடங்கிவிடும். செம்மண் பூமி, பெரும்பாலும் வானம் பார்த்த நிலம். வேலியோரம் ஒரு அவரை, கூரையில் ஏற ஒரு சுரை, கிணற்றடியில் நாலு கத்திரி என்று வைப்பது இங்கே புதுப் பழக்கம் கிடையாது.

மாறிப்போனது ஒன்றுதான். அந்த விதை எங்கிருந்து வருகிறது?

முன்பு அடுப்பங்கரைப் பரணில் இருந்து வந்தது. இப்போது கடையில் பாக்கெட்டாக வருகிறது. பாக்கெட் விதையும் முளைக்கும், காய்க்கும். ஆனால் அடுத்த ஆடிக்கு மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும். இதற்கிடையில் பரணில் இருந்த பழைய விதை ரெண்டு மூணு வருஷம் மண்ணைப் பார்க்காமலே கிடந்தால், முளைப்புத்திறன் போய்விடும். அதோடு அந்த வீட்டின் கத்திரி முடிந்தது. வேறு யாரிடமும் அது இல்லை என்றால் அந்த ரகமே முடிந்தது.

மாடியிலோ கொல்லையிலோ தோட்டம் போடுபவர்கள் இந்த சீசனில் என்ன ரகம் தேர்ந்தெடுக்கலாம், நாட்டு விதை என்றால் உண்மையில் என்ன, அதை எப்படி எடுத்து வைப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் ஆடிப்பட்டம்?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். பட்டம் என்றால் விதைப்புக்கான பருவம். ஆடி என்பது ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிவது.

புதுக்கோட்டை மாதிரி மாவட்டங்களுக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவமழைதான். அது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும். ஆடியில் கிடைக்கும் சின்னச் சின்ன மழையில் விதை போட்டால், செடி வேர் பிடித்து நின்றுவிடும். பெருமழை வரும்போது அது குழந்தைச் செடியாக இருக்காது, மழையைத் தாங்கும் வயதுக்கு வந்திருக்கும். நேரடியாக ஐப்பசியில் விதைத்தால் அடைமழையில் நாற்று அழுகும் ஆபத்து அதிகம்.

ஆடியை விட்டுவிட்டால் அடுத்து பெரிய வாய்ப்பு தைப்பட்டம். சில பயிர்களுக்குச் சித்திரைப்பட்டமும் உண்டு.

நாட்டு விதை, ஹைப்ரிட், மரபணு மாற்று விதை: என்ன வித்தியாசம்?

இதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள்.

நாட்டு ரகம்: ஒரு வட்டாரத்தில் பல தலைமுறையாக மக்கள் விதை எடுத்து, மறுபடி விதைத்துக் காப்பாற்றிய ரகம். அந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகியது. மற்ற ரகத்தோடு கலக்காமல் பார்த்துக்கொண்டால், இதன் விதையைப் போட்டால் பெரும்பாலும் இதே செடிதான் வரும்.

மேம்படுத்தப்பட்ட ரகம்: வேளாண் பல்கலைக்கழகம், ஆராய்ச்சி நிலையங்கள் தேர்வு செய்து வெளியிடுபவை. பெரியகுளத்தில் உருவான 'பி.கே.எம்.1' முருங்கை நல்ல உதாரணம். கிளை வெட்டி நடும் பழைய மர முருங்கை போல இல்லாமல், விதை போட்டு ஆறேழு மாதத்திலேயே காய்ப்புக்கு வரும். இது போன்ற ரகங்கள் ஹைப்ரிட் அல்ல. இவற்றிலிருந்தும் விதை எடுத்து வைக்கலாம்.

ஹைப்ரிட்: தமிழில் வீரிய ஒட்டு ரகம். இரண்டு வேறு தாய்-தந்தை வரிசைகளைச் சேர்த்து உருவாக்கும் முதல் தலைமுறை விதை. பாக்கெட்டில் 'எஃப்1' என்று போட்டிருக்கும். காய்ப்பு ஒரே சீராக, அதிகமாக இருக்கும். ஆனால் இதன் விதையை எடுத்து மறுபடி போட்டால் ஒரு செடி தாயைப் போல, ஒரு செடி தந்தையைப் போல, இன்னொன்று எதைப் போலவும் இல்லாமல் வரும்.

மரபணு மாற்று விதை: ஆய்வகத்தில் வேறு உயிரியின் மரபணுவைச் சேர்த்து உருவாக்குவது. இந்தியாவில் இப்படி வணிக ரீதியாகச் சாகுபடி ஆவது பருத்தி மட்டும்தான். பி.டி. கத்திரிக்காய்க்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது. எனவே கடையில் கிடைக்கும் ஹைப்ரிட் காய்கறி விதையை 'மரபணு மாற்று விதை' என்று சொல்வது தவறு.

வாட்ஸ்அப்பில் வரும் இரண்டு தகவல்கள்: உண்மை என்ன?

'ஹைப்ரிட் காயில் இருக்கும் விதை முளைக்கவே முளைக்காது' என்பது பொய். பெரும்பாலும் முளைக்கும். தாய்ச்செடி போலவே வராது, அவ்வளவுதான்.

'நாட்டு ரகம் என்றால் நோயே வராது' என்பதும் பொய். வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் நாட்டு வெண்டையையும் விடாது. அந்த நோயைத் தாங்கும்படி உருவாக்கிய ஹைப்ரிட் ரகங்கள் இந்த ஒரு விஷயத்தில் முன்னால் நிற்கின்றன. நாட்டு ரகத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. விதை நம் கையில் இருக்கும், சுவையில் வகை இருக்கும், வருஷா வருஷம் விதைச் செலவு இருக்காது.

'நாட்டு' என்றால் இங்கேயே பிறந்ததா?

இல்லை. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துகீசியர்கள் கடல் வழியாக வந்த பிறகுதான் நம் சமையலுக்குள் நுழைந்தன. கத்திரிதான் இந்த மண்ணோடு மிகப் பழைய உறவு கொண்டது.

ஆனாலும் ராமநாதபுரம் முண்டு மிளகாயை வெளியூர்க்காரன் என்று யார் சொல்வார்கள்? அந்த வறண்ட மண்ணில் விதை எடுத்து எடுத்து, அது அந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே ஆண்டு வேலூர் பக்கத்து இலவம்பாடி முள் கத்திரிக்காயும் அந்தக் குறியீட்டைப் பெற்றது. ஒரு பயிரை 'நாட்டு' ஆக்குவது அது பிறந்த இடம் அல்ல, அதற்கு விதை எடுத்தவர்களின் கைதான்.

பல ரகம் எதற்கு? ஒரே நல்ல ரகம் போதாதா?

இதற்கு உலகம் கொடுத்த விலை பெரியது. அயர்லாந்தில் ஏழை மக்கள் பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே உருளைக்கிழங்கு ரகத்தை நம்பி இருந்தார்கள். 1845-ல் வந்த கருகல் நோய்க்கு அந்த ரகத்தில் எதிர்ப்பே இல்லை. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் நாட்டை விட்டே போனார்கள். அரசின் அலட்சியமும் அதற்குக் காரணம் என்றாலும், தொடக்கம் ஒற்றை ரகம்தான்.

வீட்டுத் தோட்டத்தில் பஞ்சம் வராது, உண்மைதான். ஆனால் கணக்கு அதே கணக்கு. பத்துத் தொட்டியிலும் ஒரே கத்திரி இருந்தால், பூச்சி ஒன்றைப் பிடித்தால் பத்தையும் பிடிக்கும். மூணு ரகம் இருந்தால் ஒன்று போனாலும் குழம்புக்குக் காய் இருக்கும்.

இந்த ஆடிக்கு என்ன வைக்கலாம்?

எல்லாவற்றையும் ஒரே சீசனில் வைக்க ஆசைப்படாதீர்கள். இடத்தைப் பார்த்து நாலைந்தைத் தேர்ந்தெடுங்கள்.

- கத்திரி: முள் கத்திரி, பவானி வரிக் கத்திரி, விராலிமலைக்குப் பக்கத்து ஊரான மணப்பாறையின் கத்திரி. நாற்றுவிட்டு 30 முதல் 35 நாளில் பிடுங்கி நட வேண்டும். பக்கத்து ஊர் ரகம் கிடைத்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள். அது உங்கள் வெயிலைப் பழகிய ரகம்.

- வெண்டை: யானைத் தந்த வெண்டை, சிவப்பு வெண்டை. நேரடியாக விதைக்கலாம். சுமார் 45 முதல் 50 நாளில் முதல் காய் பறிக்கலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுதான் சுலபம்.

- அவரை வகை: கோழி அவரை, சிறகு அவரை, தம்பட்டை அவரை. பந்தலோ வேலியோ வேண்டும். மூக்குத்தி அவரை என்று ஒன்று விற்கிறார்கள். பெயரில்தான் அவரை. உண்மையில் அது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் உறவு. மூக்குத்தி போல இருக்கும் பிஞ்சைத்தான் சமைப்பார்கள், முற்றவிடக் கூடாது.

- கொடிக் காய்கள்: குடுவைச் சுரை, பீர்க்கு, புடலை, மிதி பாகல். மிதி பாகல் சின்னக் காய், கசப்பு கொஞ்சம் தூக்கல். வறுவலுக்கு அது மாதிரி வராது. மாடியில் வைப்பதானால் ஒரு கொடிக்கு ஒரு பெரிய பை கட்டாயம்.

- மிளகாய்: முண்டு, காந்தாரி. ரெண்டு செடி போதும், வீட்டுக்கு மிஞ்சும்.

- கீரை: அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, புளிச்சக்கீரை. 25 நாளில் பலன் தெரிவது இதில்தான்.

இரண்டு உள்ளூர் எச்சரிக்கைகள்

முதலாவது ஆடிக்காற்று. பந்தல், குச்சி எல்லாம் விதை போடும்போதே ஊன்றிவிடுங்கள். செடி வளர்ந்த பிறகு ஊன்றினால் வேர் அறுபடும்.

இரண்டாவது மயில். விராலிமலை என்றாலே மயில்தான். முருகனுக்கு வாகனம், விதை போட்டவருக்குத் தலைவலி. அவரை, பயறு விதை போட்ட அன்றே கிளறிவிட்டுப் போகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் மயிலுக்கு உச்ச பாதுகாப்பு உண்டு. விஷம் வைப்பது, பொறி வைப்பது எல்லாம் குற்றம். முதல் பத்து நாளைக்கு விதைத்த இடத்தின் மேல் முள் கிளையோ பழைய வலையோ போட்டு மூடிவிடுங்கள். நாலு இலை விட்டதும் எடுத்துவிடலாம்.

கையில் பழைய விதை இருக்கா? முதலில் இந்த டெஸ்ட்

வீட்டில் எங்காவது பழைய விதை இருந்தால் நேராக மண்ணில் போடாதீர்கள். பத்து விதையை எண்ணி ஈரத்துணியில் சுற்றி, நிழலில் வையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீரை நாலைந்து நாள், வெண்டை, அவரை ஒரு வாரம், கத்திரி, மிளகாய், பாகல் பத்துப் பதினைந்து நாள் வரை எடுக்கும்.

- எட்டுக்கு மேல் முளைத்தால் கவலையே இல்லை.
- ஐந்து முளைத்தால் இரண்டு மடங்கு விதை போடுங்கள்.
- மூன்றுக்குக் கீழ் என்றால், மிச்சத்தைப் பத்திரப்படுத்தாதீர்கள். அத்தனையையும் இந்த ஆடியிலேயே விதைத்துவிடுங்கள். முளைக்கும் ஒன்றிரண்டு செடிதான் அந்த ரகத்தின் கடைசி வாய்ப்பு.

அம்மன் கோயில் திருவிழாவில் முளைப்பாரி வளர்ப்பதே ஊரில் உள்ள விதை நன்றாக முளைக்கிறதா என்று பார்க்கத்தான் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. காரணம் எதுவாக இருந்தாலும், விதைப்புக்கு முன் முளைப்பைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

வீட்டுச் சூழலில் வெங்காய விதை ஓர் ஆண்டைத் தாண்டுவதே கஷ்டம். மிளகாய், வெண்டை சுமார் இரண்டு ஆண்டு. கத்திரி, தக்காளி, சுரை, பூசணி நன்றாகக் காயவைத்தால் மூன்று நான்கு ஆண்டு தாங்கும்.

கலக்காமல் விதை எடுப்பது எப்படி?

பல ரகம் வைத்தால் பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிடும். அந்த வருஷம் காய்க்கு ஒன்றும் ஆகாது. மாற்றம் விதைக்குள் இருக்கும், அடுத்த வருஷம்தான் தெரியும்.

தக்காளி, தட்டைப்பயறு: பெரும்பாலும் தன் பூவிலேயே சேர்ந்துவிடும். பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் அதிகம் கலக்காது. புதியவர்கள் இதில் ஆரம்பிக்கலாம். அவரையும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

கத்திரி, மிளகாய், வெண்டை: தன் பூவில் சேரும், ஆனால் தேனீயும் கலக்கும். மொட்டாக இருக்கும்போதே ஒரு மெல்லிய வலைப்பையால் மூடிக் கட்டுங்கள். விசேஷ வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுப்பார்களே, அந்த வலைப்பை போதும். தினமும் லேசாக ஆட்டிவிட்டு, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காயில் ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

சுரை, பூசணி, பீர்க்கு, பாகல்: ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். இவை ரொம்பக் கலக்கும், ஆனால் ரகத்துக்கு ரகம்தான். சுரையும் பூசணியும் ஒன்றோடொன்று கலக்காது. இரண்டு ரகச் சுரை இருந்தால்தான் பிரச்சனை. பூ விரியும் முன்பே ஆண், பெண் இரண்டையும் நூலால் கட்டிவிட்டு, விரியும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவி, மறுபடி கட்டிவிடுங்கள். பூசணியும் பாகலும் காலையில் விரியும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் எளிய வழி: கொடியில் ஒரு வகைக்கு ஒரு ரகம் மட்டும் வையுங்கள். பக்கத்து வீட்டிலும் கேட்டுக்கொள்ளுங்கள். தேனீக்கு மதில் சுவர் தெரியாது.

எந்தக் காயை விதைக்கு விடுவது?

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு இதுதான். நல்ல காயை எல்லாம் சமைத்துவிட்டு, கடைசியில் கொடி காயும்போது மிஞ்சிய சொத்தைக் காயை விதைக்கு விடுவது. அப்படிச் செய்தால் அடுத்த வருஷம் அதன் குணம்தான் வரும்.

நடுப்பருவத்தில், நோயில்லாத செடியில், நல்ல வடிவத்தில் வரும் காயை முதலிலேயே ஒதுக்கி விதைக்காயாக விட்டுவிடுங்கள். கொடிக் காய் என்றால் ஒரே கொடியில் எடுக்காமல் மூன்று நான்கு கொடியில் எடுத்துச் சேர்ப்பது நல்லது.

- கத்திரி: செடியிலேயே மஞ்சளாகும் வரை விட்டு, பறித்து, நறுக்கித் தண்ணீரில் பிசைந்து எடுக்கவும். மூழ்கும் விதைதான் நல்ல விதை.
- தக்காளி: விதையைச் சதையோடு ஒன்று அல்லது இரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவவும். மேலே உள்ள வழவழப்பு போய்விடும்.
- வெண்டை, அவரை: செடியிலேயே காய்ந்து சலசலக்கும் வரை விடவும். மழை பிடித்தால் பறித்து வீட்டுக்குள் காயவைக்கவும்.
- பீர்க்கு, சுரை: கொடியிலேயே முற்றிக் காயட்டும். முழுக்காயாகவே உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவது பழைய முறை. ஓடே விதைக்குப் பெட்டி.

விதையை நிழலில் காயவைத்து, காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் காட்டி, சலித்த சாம்பலில் புரட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடுங்கள். மேலே பெயரும் மாதமும் எழுத மறக்காதீர்கள். ஆறு மாசம் கழித்து எது வரிக் கத்திரி, எது முள் கத்திரி என்று விதையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

கடை விதை என்றால் ஒரு எச்சரிக்கை: சிவப்பு, நீலம் என்று நிறம் ஏறியிருந்தால் அது பூஞ்சைக்கொல்லி கலந்த விதை. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், விதைத்த பிறகு கையைக் கழுவுங்கள்.

விதை எங்கே கிடைக்கும்?

முதலில் கேட்க வேண்டியது பக்கத்து வீட்டிலும் சொந்தக்காரர் வீட்டிலும். சந்தையில் சொந்தக் கொல்லைக் காயைக் கூறு கட்டி விற்கும் அம்மாக்களிடம் 'விதைக்கு ஒரு முத்தின காய் வேணும்மா' என்று கேட்டுப் பாருங்கள். பாக்கெட்டில் எழுதியிராத விவரமும் சேர்ந்து கிடைக்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே வம்பனில் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலும் விசாரிக்கலாம். கீரனூர் பக்கம் ஓடுகம்பட்டியில் 'குடும்பம்' அமைப்பின் கொழுஞ்சிப் பண்ணை இருக்கிறது. 2013-ல் மறைந்த இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வாரின் பணியோடு தொடர்புடைய இடம் இது.

விதையைப் பகிர்வது சட்டப்படி சரியா? சரிதான். 2001-ல் இயற்றப்பட்ட பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், விதையைச் சேமிக்க, மறுபடி விதைக்க, பரிமாற, பகிர, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்டு பெயர் போட்டு விற்கத்தான் கூடாது.

ஒருத்தர் செய்தால் என்ன ஆகிவிடும்?

திருத்துறைப்பூண்டி பக்கத்து 'நெல்' ஜெயராமனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். 2018 டிசம்பரில் மறையும்போது அவர் மீட்டிருந்த பாரம்பரிய நெல் ரகங்கள் சுமார் 174. அவர் பயன்படுத்திய வழி ரொம்ப எளிது. நெல் திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் இலவசம். அடுத்த வருஷம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த விதை இன்னும் இரண்டு பேருக்குப் போகும். பின்னாளில் தமிழக அரசு பாரம்பரிய நெல் பாதுகாப்புக்கான இயக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தது.

இந்தக் கணக்கு நெல்லுக்கு மட்டுமல்ல, கத்திரிக்கும் பொருந்தும். ஒரு கத்திரிக்காயில் நூற்றுக்கணக்கான விதை இருக்கும். உங்களுக்குத் தேவை பத்து. மீதியை நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டால், மழையிலோ, மயிலாலோ, மறதியாலோ உங்கள் விதை போனாலும் அடுத்த ஆடிக்குக் கேட்டு வாங்க ஒரு வீடு இருக்கும். விதையைப் பொறுத்தவரை பீரோவை விடப் பக்கத்து வீடு பாதுகாப்பு.

எனவே இந்த ஆடியில் மொத்தத் தோட்டத்தையும் மாற்ற வேண்டாம். ஹைப்ரிட் தக்காளி வைத்திருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்தில் ஒரே ஒரு நாட்டு ரகம் வையுங்கள். அதில் ஒரே ஒரு காயை விதைக்கு விடுங்கள். இன்று மாலையே ஊருக்குப் போன் போட்டு, 'பழைய விதை ஏதாவது பரண்ல கிடக்கா?' என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கிடைத்தால் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றிவிடுங்கள். ஆடி முடிவதற்குள் அது முளைக்குமா என்று தெரிந்துவிடும்.